நாய் குளிக்க ஒரு மூலை: ஜலதாரையிலிருந்து தொடங்குவோம்

வீட்டில் நாயைக் குளிப்பாட்ட ஒரு இடம் அமைக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, டப் எங்கே கிடைக்கும், ஷாம்பு எது நல்லது என்றுதான். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள். வடசென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வீடுகள் சின்னவை. லைன் வீடு என்றால் பாத்ரூம் நாலு குடித்தனத்துக்குப் பொது. கழிவுநீர்க் குழாய் போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று வீட்டுக்காரருக்கே நினைவிருக்காது. அதில் நாய் முடி போய் அடைத்து சேம்பர் பொங்கிவிட்டால், நாய் வேண்டுமா வேண்டாமா என்று மொத்தத் தெருவும் பேச ஆரம்பித்துவிடும். தண்ணீர் போகிற வழியை ஒழுங்கு செய்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

புதிதாக நாய் வாங்கியவர்களையும், தெருக்குட்டியைத் தூக்கிவந்து வளர்ப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வாடகை வீட்டில் எதையும் இடிக்காமல் செய்யக்கூடியதுதான் பெரும்பகுதி. சொந்த வீட்டுக்காரர்களுக்கு நடுவில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

எந்த இடம்

நம் பகுதி வீடுகளில் பாத்ரூம், துணி துவைக்கும் கல் இருக்கிற பின்பக்கம், மொட்டை மாடி என்று மூன்று இடங்கள்தான் தோதுப்படும்.

என் ஓட்டு துவைக்கும் கல்லுக்கு. கல் ஏற்கெனவே இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. குனிந்து முதுகு ஒடிய வேண்டியதில்லை. பக்கத்திலேயே குழாய், கீழே வாட்டம் கொடுத்த தரை, அது போய்ச் சேரும் ஜலதாரை, எல்லாம் யாரோ எப்போதோ கட்டிவைத்துவிட்டார்கள். பாமரேனியன், ஷிட்ஸு, குட்டிகள் எல்லாவற்றையும் கல்மேலேயே நிற்க வைக்கலாம். பெரிய நாய் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் நிற்கட்டும். சாமான்களை வைக்கக் கல் மேசையாகிவிடும். ஒரே சிக்கல், பின்பக்கம் சந்தைப் பார்த்துத் திறந்திருந்தால் நாய் பாதி நுரையோடு ஓடிவிடும். ஒரு தட்டிக் கதவாவது வேண்டும்.

பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பாத்ரூமும் கக்கூஸும் ஒன்றாக இருந்து, அதில் இந்தியன் டாய்லெட் இருந்தால், நாயின் பின்னங்கால் அந்தக் குழியில் வழுக்கி உள்ளே போகும். இழுக்கிற வேகத்தில் சுளுக்கிக்கொள்ளும். குழியை மூடும் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை வெட்டி, அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டிவையுங்கள், நகராது. இன்னொன்று, ஆசிட்டோ பினாயிலோ ஊற்றிக் கழுவிய தரையில் உடனே நாயை நிறுத்தக் கூடாது. நாம் செருப்போடு நிற்கிறோம். அது வெறும் பாதத்தில் நின்றுவிட்டு, அப்புறம் அந்தப் பாதத்தையே நக்கும். நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் உள்ளே கூப்பிட வேண்டும்.

மொட்டை மாடிதான் எல்லோருக்கும் பிடித்த இடம். எனக்குச் சந்தேகமான இடமும் அதுதான். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஆகவே மாடியிலிருந்து இறங்கும் குழாய் பல வீடுகளில் நேராக உறைக்கிணற்றுக்கோ, ஜல்லி கொட்டிய குழிக்கோ போகிறது. அங்கிருந்து நிலத்தடிக்கு, நிலத்தடியிலிருந்து உங்கள் வீட்டு போர்வெல்லுக்கு. மாடியில் உண்ணி மருந்து போட்டுக் குளிப்பாட்டினால் அந்த மருந்துத் தண்ணீரை உங்கள் கிணற்றிலேயே ஊற்றியதாக அர்த்தம். மாடிக் குழாய் எங்கே இறங்குகிறது என்று கூடவே போய்ப் பாருங்கள். குழிக்குப் போகிறது என்றால் மாடி வேண்டாம். காயவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஹவுசிங் போர்டு பால்கனியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் கொடியில் காயப்போட்ட துணியில் நாய்த் தண்ணீர் சொட்டினால் அந்த வாரம் முழுக்கப் பேஜார்.

வாட்டமும் வடிகட்டியும்

இடம் முடிவானதும் ஒரு பக்கெட் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு நின்று பாருங்கள். மொத்தமும் ஜலதாரைப் பக்கம் ஓட வேண்டும். மூலையில் குட்டை கட்டி நின்றால், நாய் அந்த அழுக்குத் தண்ணீரில்தான் நின்று குளிக்கும். எவ்வளவு அலசினாலும் வயிற்றுப் பக்கம் ஷாம்பு போகாது. கொத்தனாரிடம் சொல்லும்போது, அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். அதற்குமேல் சரிவு கூடினால் நாய்க்குக் கால் நிற்காது. வாடகை வீட்டில் தரையைத் தொட முடியாது என்றால், ஓட்டை போட்ட ரப்பர் மேட்டோ, பிளாஸ்டிக் தட்டியோ போட்டு நாயைத் தண்ணீர் மட்டத்துக்குமேல் ஒரு அங்குலம் தூக்கி நிறுத்தினால் போதும்.

அடுத்தது முடி. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நாய் முடி தனியாகப் போனால் தண்ணீரோடு ஓடிவிடும். ஆனால் அது தனியாகப் போவதில்லை. ஷாம்பு, உடம்பு எண்ணெய், நாம் கொட்டும் சோற்றுக்கஞ்சி, மீன் கழுவிய செதில் எல்லாவற்றோடும் சேர்ந்து குழாய்க்குள் கயிறாகத் திரிந்துவிடும். லேப்ரடார், ஹஸ்கி போல இரட்டை ரோமம் உள்ள நாய் ஒரு குளியலில் உதிர்ப்பதைக் கையில் திரட்டினால் ஆச்சரியமாக இருக்கும்.

இதற்கு மூன்று இடத்தில் காவல் போட வேண்டும். முதல் காவல் குளியலுக்கு முன்பே: காய்ந்த உடம்பில் நன்றாகச் சீவி, உதிரும் முடியைப் பேப்பரில் மடித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது, ஜலதாரை மூடி. சாதாரண எவர்சில்வர் மூடியின் ஓட்டைகள் பெரிதாக இருக்கும். அதன்மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து விரித்து, நாலு ஓரத்திலும் கூழாங்கல் வையுங்கள். காசு செலவில்லை, கடையில் விற்கும் வடிகட்டியைவிட நன்றாகவே பிடிக்கும். குளிக்கும்போது நடுவில் ஒருமுறையாவது அதை வழித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறி வாசல்வரை வரும். மூன்றாவது, மூடிக்குக் கீழே இருக்கும் நஹானி டிராப். அதன் உள்ளே கவிழ்த்துவைத்த கிண்ணம் போல ஒன்று இருக்கும். தண்ணீர் வேகமாகப் போகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. எறியாதீர்கள். சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தக் கிண்ணமும் அதில் தேங்கும் தண்ணீரும்தான். குளியல் முடிந்ததும் கழற்றி, முடியை எடுத்துவிட்டு, திரும்பப் போட்டுவிட வேண்டும்.

பின்பக்க ஜலதாரை எதில் போய்ச் சேருகிறது என்பதையும் விசாரித்துவிடுங்கள். அது தெருவின் கழிவுநீர்க் குழாயில் சேர வேண்டும். ரோட்டோரம் போகும் மழைநீர் வடிகாலில் சேர்ந்தால், நம் பகுதியில் அது ஓட்டேரி நல்லாவுக்கோ, கேப்டன் காட்டன் கால்வாய்க்கோ, பக்கிங்காம் கால்வாய்க்கோ எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் போகும். அந்தக் கால்வாய்கள் இப்போதிருக்கும் கோலத்தில் நம் ஒரு பக்கெட் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் உண்ணி மருந்துத் தண்ணீர் மீனுக்கு விஷம். எண்ணூர் முகத்துவாரத்தை நம்பி வலை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தண்ணீர்: எது, எவ்வளவு

தெருநாய் அளவுள்ள ஒரு நடுத்தர நாய்க்கு, மக் வைத்துச் சிக்கனமாக ஊற்றினால் மூன்று பக்கெட் போதும். நனைக்க முக்கால் பக்கெட், அலச இரண்டே கால். கணக்கு எப்போதும் அலசும் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் போதாது என்று பயந்தால் ஷாம்பைக் குறையுங்கள், அலசுவதைக் குறைக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட ஷாம்பு அரிப்பைக் கொண்டுவரும். அரிப்பு என்று நாம் இன்னொரு முறை குளிப்பாட்டுவோம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடலோரம் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பல வீட்டு போரில் உப்புத் தண்ணீர். அதில் ஷாம்பு நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் ஊற்றுவோம், அது அலசினாலும் போகாது. ரோமம் பிசுபிசுவென்று நிற்கும். குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ வாட்டர் மேலானது. மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வடசென்னைக்கென்றே வந்தது. குடிக்கிற தண்ணீரை நாய்க்கு ஊற்றுவதா என்று வீட்டில் பெரியவர்கள் முறைத்தால் ஒரு சமரசம் உண்டு: நனைப்பதும் முதல் அலசலும் போர்த் தண்ணீரில், கடைசி ஒரு பக்கெட் மட்டும் மெட்ரோ வாட்டரில். அடி பம்பில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு டிரம் பிடித்துவைத்தால் அதற்குப் போதும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் வாரத்தில் குளியலே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் நாய் ஒன்றும் கெட்டுப்போகாது.

குழாயில் நேரடியாகக் கை ஷவர் வைக்க நினைப்பவர்களுக்கு: கக்கூஸில் இருக்கும் ஹெல்த் ஃபாசெட்டின் இணைப்பும் கை ஷவரின் இணைப்பும் ஒரே அரை இன்ச் மரைதான். இப்போதுள்ள ஆங்கிள் காக்கை எடுத்துவிட்டு டூ வே ஆங்கிள் காக் போட்டால் ஒன்றில் பழையது, இன்னொன்றில் நாய்க்கு ஷவர். ஓஸ் ஒன்றரை மீட்டராவது இருக்கட்டும்; நாயைச் சுற்றி நாம் நகர வேண்டும், நாயை நகர்த்தக் கூடாது. பிளம்பரைக் கூப்பிடும் முன் ஒன்றை யோசியுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் பத்து மீட்டர் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தரைத்தளத்தில் ஷவர் ஜோராக வேலை செய்யும். தொட்டிக்கு நேர் கீழே மேல்மாடியில் இருப்பவர்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவர்களுக்கு மக்தான் சரி. நாய்களுக்கும் மக்தான் பிடிக்கும், ஷவரின் இரைச்சல் பல நாய்களுக்கு ஆகாது.

சூடு பற்றி ஒரு எச்சரிக்கை. ஏப்ரல், மே மாதத்தில் மதியம் மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியின் தண்ணீர் கையே வைக்க முடியாத சூட்டில் இறங்கும். வெயிலில் கிடந்த ஓஸுக்குள் நிற்கும் தண்ணீர் அதைவிட மோசம். குழாயைத் திறந்ததும் நாய்மேல் பீய்ச்சாமல், பக்கெட்டில் பிடித்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். சூடா குளிரா என்றே தெரியாமல் இருந்தால் அதுதான் பக்குவம். மார்கழிக் காலையில் ஒரு கெண்டி வெந்நீர் கலந்தால் போதும். ஹீட்டர் ராடைப் போட்ட பக்கெட்டை நாய் இருக்கும் பக்கமே கொண்டுவராதீர்கள். சமையலறையில் காய்ச்சி எடுத்துவாருங்கள்.

நாய் நிற்கும் இடம், நாம் உட்காரும் இடம்

நாய் குளிக்க அடம்பிடிப்பதற்குப் பாதிக் காரணம் தண்ணீர் அல்ல, வழுக்கல். நகம் டைல்ஸில் பிடி கிடைக்காமல் கீறும்போதுதான் அது பதறுகிறது. ரப்பர் மேட் கட்டாயம். கிடைக்காவிட்டால் பழைய கோணிச் சாக்கை நாலாக மடித்து நனைத்துப் போடுங்கள். அதன்மேல் கால் நகரவே நகராது.

சின்ன நாய்க்கு டப் வேண்டும் என்றால், கடையில் நாய் டப் என்று தனியாக விற்பதை வாங்க வேண்டியதில்லை. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்காகப் பாதியாக அறுத்தால் அருமையான தொட்டி. அறுத்த விளிம்பு கத்தி போல இருக்கும். பழைய ஓஸைக் கீறி அதன்மேல் சுற்றிலும் மாட்டிவிடுங்கள். அடியில் ஒரு ஓட்டை போட்டு வாஷ்பேசின் வேஸ்ட் பொருத்தினால் தண்ணீர் தானாக வடியும். டிரம் வாங்கும்போது மட்டும் உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். ஊறுகாய், எண்ணெய் டிரம் சரி. மணலிப் பக்கக் கெமிக்கல் டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சொந்த வீட்டில் மேடையே கட்டுவதென்றால் நாலடி நீளம், இரண்டரை அடி அகலம் தாராளம். உயரத்தை நாயின் எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பத்து கிலோவுக்குள் என்றால் உங்கள் இடுப்பு உயரம். ராஜபாளையம், லேப்ரடார், ராட்வைலர் என்றால் ஒரு செங்கல் உயரத்துக்குமேல் வேண்டாம். முப்பது கிலோவைத் தூக்கி மேலே ஏற்ற உங்களால் மாதாமாதம் முடியாது, வயதாகிற நாயும் குதித்து ஏறாது. சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் போடுங்கள். சுவரில் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஏற்றி, இடுக்குகளை ஒயிட் சிமென்ட்டால் இறுக அடைக்கச் சொல்லுங்கள். இந்த இடுக்கு விஷயத்தைக் கொத்தனார் அலட்சியமாகத்தான் செய்வார், பக்கத்தில் நின்று வாங்குங்கள். காரணம் உண்ணி, பின்னால் வருகிறேன். குழாய், வேஸ்ட் கப்ளிங் மாதிரியான சாமான்களைப் பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

தரையில் நிறுத்திக் குளிப்பாட்டுகிறவர்கள் தங்களுக்கு ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். குந்தவைத்தபடி செய்தால் அவசரம் வந்துவிடும்; அவசரப்பட்டால் அலசல் குறையும்.

கொக்கி, அலமாரி, கரண்ட்

சுவரில் நாயின் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கொக்கி அடித்து, ஒன்றரை அடி நீளத்தில் கயிறு வையுங்கள். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டையில் மாட்டுவது நல்லது. வழுக்கினால் கழுத்து நெரியாது. முடிச்சுப் போடாதீர்கள், ஒரே அழுத்தில் கழலும் கிளிப் வேண்டும். கட்டிவிட்டு போன் எடுக்க உள்ளே போவது கூடவே கூடாது.

ஷாம்பு, மக், சீப்பு, பஞ்சு, இரண்டு துண்டு, தின்பண்ட டப்பா எல்லாம் ஒரு கையால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கை எப்போதும் நாய்மேல். இதற்கு ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்று போதும். துண்டுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கும்போது நாய்க்கென்று விசேஷத் துண்டு எதற்கு? நல்ல பருத்தித் துண்டு நாலு வாங்கிப்போடுங்கள்.

ஹேர் டிரையர் வைப்பதென்றால் குளிக்கும் இடத்தில் வேண்டாம். நாய் உதறினால் தண்ணீர் ஆறடி பறக்கும். வேறு அறையில், காய்ந்த தரையில், மிதமான சூட்டில். வீட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது. அதை நாய்க்காக மட்டும் சொல்லவில்லை.

முதலில் காய்ந்த குளியல்

இடம் தயாரான அன்றே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். சில நாள் வெறுமனே அங்கே அழைத்துப்போய், மேட்டில் நிற்கவைத்து, எதையாவது தின்னக் கொடுத்து, திரும்பக் கூட்டிவாருங்கள். எவர்சில்வர் தட்டில் கெட்டித் தயிரை மெல்லியதாகப் பூசிவைத்தால் நக்கி முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில் சீப்பு போடலாம், பாதத்தைத் தொடலாம், வெறும் மக்கை முதுகில் சாய்க்கலாம். வேகவைத்த ஈரல் துண்டு என்றால் சொல்லவே வேண்டாம். தடுப்பூசி போட்ட கையோடு குட்டியைக் குளிப்பாட்டுவதும், எட்டு வாரம்கூட ஆகாத குட்டியை முழுக்க நனைப்பதும் வேண்டாம்.

குளியல் நாள்

காலை எட்டு, ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் காய வெயில் இருக்கும், சுடும் வெயில் இருக்காது. முதலில் வெளியே நடத்தி மூச்சா, கக்கா முடித்துவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம்.

சீவுங்கள். சிக்கு இருந்தால் இப்போதே எடுங்கள். நனைந்த சிக்கு இறுகிப்போய்க் கத்தரிக்கோல்தான் வழி என்று ஆகிவிடும். காது வாசலில் பஞ்சு உருண்டை வையுங்கள், ஆழமாகத் திணிக்காமல், திரும்ப எடுக்க மறக்காமல். பின்னங்காலில் ஆரம்பித்து முதுகு, தோள் என்று முன்னால் வாருங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நனைத்த துணியால் முகத்தைத் துடைத்தால் போதும். தலையில் தண்ணீர் விழாதவரை பெரும்பாலான நாய்கள் பொறுமையாகவே நிற்கும்.

ஷாம்பை நேராக ஊற்றாமல், மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் தண்ணீரோடு கலந்து பீய்ச்சுங்கள். பரவலாகப் போகும், பாதி அளவு போதும், அலசவும் சுலபம். நாயின் தோல் நம் தோலைப் போல அமிலப் பக்கம் சாய்ந்ததல்ல, ஏறக்குறைய நடுநிலையானது. அதனால்தான் நாய்க்கென்று தயாரித்த ஷாம்பு வாங்கச் சொல்கிறார்கள். துணி சோப்பு, டெட்டால் மாதிரி கிருமிநாசினி இரண்டும் வேண்டாம். சீயக்காய் நல்லதுதானே என்று பாட்டிமார் கேட்பார்கள். கண்ணில் பட்டால் நமக்கே எரிகிறது. தூள் ரோமத்துக்குள் தங்கினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவே அரிப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஷாம்பு என்றால் பொதுவாகப் பத்து நிமிடம் ஊற வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் தயிர்த் தட்டு.

அக்குள், தொடை இடுக்கு, விரல் நடு, வாலடி. அழுக்கும் அங்கேதான், மிச்ச ஷாம்பும் அங்கேதான். வழுவழுப்பு போய் ரோமம் கீச்சென்று சத்தம் போடும்வரை அலசுங்கள்.

காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. கருவாடு காயப்போட்ட இடத்திலோ, அழுகிய மீனிலோ நாய் ஆனந்தமாகப் புரண்டுவிட்டு வரும். அந்த நாற்றத்துக்கு முழுக் குளியல் தேவையில்லை, புரண்ட கழுத்தையும் தோளையும் மட்டும் இரண்டு தடவை ஷாம்பு போட்டு அலசினால் போதும். கடலில் இறங்கிவிட்டு வந்தால் ஷாம்புகூட வேண்டாம். நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போக அலசுங்கள்.

உண்ணி

நம் ஊரில் குளியல் இடம் என்றாலே உண்ணி எடுக்கும் இடமும் அதுதான். முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரை போட்டுவிடுங்கள். உடம்பு நனைய ஆரம்பித்ததும் உண்ணிகள் முகத்துக்கும் காதுக்கும் ஏறாமல் இருக்க அது உதவும். எடுக்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நிதானமாக நேரே இழுங்கள். எடுத்ததை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். உண்ணியால் நாய்க்கு வரும் எர்லிக்கியா, பேபீசியா காய்ச்சல்கள் இங்கே சர்வசாதாரணம். சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்று பார்த்தால் குளியலை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வடசென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம்.

சுவர் இடுக்கு பற்றிச் சொன்னேன் அல்லவா? நாய்மேல் நாம் பார்க்கும் பழுப்பு உண்ணி வயிறு நிரம்பியதும் கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் டைல்ஸ் சந்திலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை எவ்வளவு குளிப்பாட்டினாலும் அடுத்த வாரமே திரும்ப வருவது இதனால்தான். குளியல் இடத்தின் விரிசல்களை அடைப்பதும், நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் போடுவதும் குளியலில் சேர்ந்த வேலைதான். வேப்பிலைத் தண்ணீரைக் கடைசியில் ஊற்றலாம், கெடுதல் இல்லை. அதை நம்பி மருந்தை நிறுத்தினால் உண்ணிக்குக் கொண்டாட்டம். மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளே போகும். கழுத்தில் சொட்டு விடும் மருந்து போட்டிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து அதற்கு விஷம். மருந்து போட்ட நாயும் பூனையும் ஒரே சாக்கில் படுக்கவிடாதீர்கள்.

காயவைப்பது

முதலில் உதறவிடுங்கள். நாய் ஒரு நொடியில் உதறுவதை நம் துண்டு ஐந்து நிமிடத்தில் எடுக்காது. கதவைத் திறக்கும் முன் இரண்டு மூன்று தடவை உதறட்டும். காதில் மெல்ல ஊதினால் உதறும். அப்புறம் துண்டை அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்த்தால் நீள ரோமம் சிக்காகும். பஞ்சை எடுத்துவிட்டுக் காது மடலின் உள்பக்கத்தைத் துடையுங்கள். காக்கர் ஸ்பேனியல் மாதிரித் தொங்கும் காதுக்கு இது இன்னும் முக்கியம்.

கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். சிப்பிப்பாறை, நாட்டு நாய் எல்லாம் அரை மணியில் காய்ந்துவிடும். கோல்டன் ரெட்ரீவருக்கு மேல் ரோமம் காய்ந்தாற்போல் இருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். மாலையில் அங்கே சிவந்து, அடுத்த நாள் புண்ணாகிவிடும். விரலை ரோமத்துக்குள் விட்டுத் தோல்வரை தொட்டுப் பாருங்கள். மாடியில் நிழலும் காற்றும் இருக்கும் பக்கமாகக் கட்டுங்கள். பத்து மணிக்குமேல் தளம் பாதத்தைச் சுடும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றால், மாதம் ஒன்று பொதுவாகப் போதும். குட்டை ரோம நாய்க்கு அதுவும் அதிகம். வாராவாரம் குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய் போய் வறண்டுவிடும். நாற்றம் வாராவாரம் வருகிறது என்றால் காதையோ பல்லையோ தோலையோ டாக்டரிடம் காட்ட வேண்டும், ஷாம்பை மாற்றுவதில் பயனில்லை.

மழைக்காலம்

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை முழுக் குளியலைத் தள்ளிப்போடுங்கள், பாதம் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெயில் தெரியாத நாளில் எந்த நாயும் முழுசாகக் காயாது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு அகலமான பேசின், மக், பழைய துண்டு. வெளியே போய்வந்ததும் நாலு பாதத்தையும் முக்கி எடுத்து, விரல் நடுவில் துடைத்துவிட வேண்டும்.

தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் கதை வேறு. அதில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். வருடாந்திரத் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே சீட்டைப் பாருங்கள். வெள்ளத்தில் நடந்துவந்த நாயைக் கழுவும்போது நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறொருவரைக் கழுவச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணூர் வரை எண்ணெய் பரவியது நினைவிருக்கும். அந்த மாதிரி எண்ணெய் ஒட்டிவந்தால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் பழைய பேப்பரால், காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க முடிந்ததை எடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்துப் போட்டு, நன்றாக அலசி, எண்ணெய் போகும்வரை திரும்பவும் போடுங்கள். அதுவரை நாய் தன்னை நக்காமல் யாராவது ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே நக்கிவிட்டது என்றால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக வேப்பேரிக்குக் கூட்டிப்போங்கள்.